இணையத்திற் பெயராட்சி: உடைமையோ, காவலோ?

பெயரின்றிப் பொருளைச் சுட்டுதல் அரிது. பெயர்ச்சொல்லின் இயல்பை ஆராய்தற்குத் தொல்காப்பியர் பெயரியல் எனத் தனியோர் இயலையே வகுத்தனர். உலகெங்குமுள்ள கணினிகளைப் பிணைத்து நிற்கும் இணையத்திலும் பெயரே வழிகாட்டியாகும். அப்பெயர்களை வழங்கும் அதிகாரம் விலைக்கு விற்றற்குரிய உடைமையோ, பொதுமக்கள் பொருட்டுப் பேணற்குரிய காவலோ என்னும் வினாவை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கணினிகள் ஒன்றையொன்று அறிவது எண் முகவரியாலேயாம். நீண்ட எண்களை நினைவிற் கொள்ளுதல் மாந்தர்க்கு எளிதன்று. ஆதலின், பெயரையும் அதற்குரிய எண்ணையும் இணைத்துக் காட்டும் ஏடொன்று வேண்டியதாயிற்று. தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவிலுள்ள ஸ்டான்போர்ட் ஆராய்ச்சி நிறுவனம் அத்தகைய பட்டியலொன்றைப் பேணிவந்தது. கணினிகள் பெருகவே ஒரு பட்டியலால் அனைத்தையும் ஆளுதல் இயலாதாயிற்று. 1983 ஆம் ஆண்டிற் போல் மொக்கபெற்றிஸ் என்பார் ஆள்களப் பெயர் முறைமையை வகுத்தார். இம்முறைமையின் நுட்பம் அதிகாரத்தைப் படிப்படியாகப் பகிர்ந்தளித்தலே. ‘டொட் எல்கே’ என முடியும் பெயரொன்றைத் தேடும் கணினி, முதலில் மூலச் சேவையகத்தை வினாவும். அது இலங்கைப் பதிவகத்தின் சேவையகத்தைக் காட்டும். அச்சேவையகம் நாம் நாடும் நிறுவனத்தின் சேவையகத்தைக் காட்டும். மேலுள்ள ஏட்டில் ஒரு பெயர் நீக்கப்படுமாயின், அதன் கீழுள்ளன யாவும் எட்டாதனவாய்விடும். வேர் வெட்டுண்டபின் கிளை தழைப்பதெங்ஙனம்?

இத்துணை வலிமை வாய்ந்த ஏட்டைப் பல்லாண்டு காலம் பேணியவர், தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்திற் பணியாற்றிய ஜோன் பொஸ்ரல் ஆவர். எது நாடு, எது நாடன்று எனத் தீர்ப்பளிக்கும் பொறுப்பை அவர் தம்மேல் ஏற்றுக்கொள்ளவில்லை. சர்வதேசத் தர நிர்ணய அமைப்பின் ஈரெழுத்துப் பட்டியலையே அளவுகோலாகக் கொண்டார். 1994 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட 1591 ஆம் இலக்க ஆவணம், உயர்நிலைப் பெயரை ஆள்வோர் அறங்காவலரே எனத் தெளிவாக்கிற்று. உரிமை பற்றியும் உடைமை பற்றியும் வாதிடுதல் பொருந்தாது; பொறுப்பும் தொண்டுமே கருதத்தக்கன என்பது அதன் கருத்து. 1998 ஆம் ஆண்டில் இப்பணியை மேற்கொள்ளுதற்கு ஐக்கான் என்னும் இலாபநோக்கற்ற கூட்டுத்தாபனம் கலிபோர்னியாவில் நிறுவப்பட்டது. அதன்மீது ஐக்கிய அமெரிக்க அரசுக்கிருந்த மேற்பார்வை 2016 ஒக்டோபர் முதலாந் திகதி நீங்கிற்று.

பொஸ்ரலின் கொள்கை 2019 ஆம் ஆண்டிற் கடுஞ்சோதனைக்கு உள்ளாயிற்று. ‘டொட் ஓர்க்’ என்பது தொண்டு நிறுவனங்களும் அறிவுக் கழகங்களும் பெரிதும் விரும்பிக் கைக்கொண்ட பெயர். ஒரு கோடிக்கு மேற்பட்ட பெயர்கள் அதன்கீழ்ப் பதிவாகியிருந்தன. இணையச் சங்கம் என்னும் பொதுநல அமைப்பு தான் நிறுவிய பதிவகத்தின் மூலம் 2003 ஆம் ஆண்டு முதல் அதனை ஆண்டுவந்தது. 2019 யூன் மாதத்தில் அப்பெயர்களுக்கிருந்த விலை வரம்பு நீக்கப்பட்டது. நவம்பர் மாதத்தில், அப்பதிவகத்தை ஈதோஸ் கப்பிற்றல் என்னும் தனியார் முதலீட்டு நிறுவனத்துக்கு 113.5 கோடி டொலருக்கு விற்கப்போவதாகச் சங்கம் அறிவித்தது.

விற்போர் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. கிடைக்கும் பெருநிதியால் தன் நற்பணிகள் நிலைபெறும் என்றது சங்கம். எட்டாண்டுக் காலத்துக்கு விலையேற்றம் ஆண்டொன்றுக்குச் சராசரி நூற்றுக்குப் பத்தை மிஞ்சாது என வாங்குவோரும் வாக்களித்தனர். ஆயினும், இவ்விற்பனைக்காகப் பெறப்படும் 36 கோடி டொலர்க் கடன் பதிவகத்தின் தலையிலேயே சுமத்தப்படவிருந்தது. அதன் வட்டியை ஈற்றில் இறுப்பவர் யாவர்? பெயர் கொண்டோரேயன்றோ! விலை ஏறின் வேறு பெயருக்கு மாறலாமே எனச் சிலர் கூறுவர். இருபதாண்டு வழங்கிய பெயரை விடுதல், ஊரறிந்த வீட்டைவிட்டு முகவரி கூறாது பெயர்தலை ஒக்கும். வரும் மடல்களும் பிறர் சுட்டிய வழிகளும் வீணாகும். ஆதலின் இஃது ஏனைய சந்தைகளைப் போன்றதன்று. உலகெங்குமிருந்து எதிர்ப்பு எழுந்தது. கலிபோர்னிய மாநிலச் சட்டமா அதிபரும் மறுப்புத் தெரிவித்தார். 2020 ஏப்பிரல் 30 ஆந் திகதி ஐக்கான் சபை இசைவளிக்க மறுத்தது. விற்பனை தடைப்பட்டதேயன்றி, விலை வரம்பு அதனால் மீளவில்லை என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது.

இக்காவல் அயலாருக்கு மட்டும் உரியதன்று. 1990 ஆம் ஆண்டில் ‘டொட் எல்கே’ பெற்ற நம் நாடு, 2010 ஆம் ஆண்டிற் சிங்கள எழுத்திலும் தமிழெழுத்திலும் உயர்நிலைப் பெயர்களைப் பெற்றது. ‘இலங்கை’ என்னும் தமிழ்ச் சொல்லே இன்று இணைய முகவரியின் ஈறாக வரும். ஆயின், தமிழெழுத்தாற் பெயரிடுங்கால் ஒரு சிக்கல் தோன்றுகின்றது. ‘ஔ’ என்னும் ஓரெழுத்தும், ‘ஒ’, ‘ள’ என்னும் ஈரெழுத்துத் தொடரும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றே; கணினிக்கோ அவை வேறு வேறு. ஒருவர் ஔவையின் பெயரைப் பதிவுசெய்ய, மற்றொருவர் போலிப் பெயர் பதிந்து மக்களை ஏமாற்றல் கூடும். இத்தகைய இடர்களைக் களையும் விதிகளை வகுத்தற்குக் கணினி அறிவு மட்டும் போதாது. எழுத்திலக்கணமறிந்த தமிழறிஞரும் வேண்டும்.

எனவே, பெயரை ஆள்வோர் அறங்காவலர் என்னும் கொள்கை ஏட்டில் எழுதியதனால் மட்டும் நிலைபெறாது. அக்காவலின் பயனைத் துய்ப்போரும் விழித்திருத்தல் வேண்டும். ‘டொட் ஓர்க்’ வரலாறு நமக்குப் புகட்டும் பாடம் இதுவே.