'எட்ஜ் அவுட்' – ஒரு சொல்லும் எங்கள் தோட்டமும்

ஆங்கில வினைச்சொல்லோடு ஒரு சிறு சொல் ஒட்டிக்கொண்டால் போதும், பொருள் வேறாகிவிடும். தமிழ்ப்பள்ளியில் பயின்று தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற நம்மில் பலரை இவை திணறடித்திருக்கும். என்னைத் திணறடித்தது 'எட்ஜ் அவுட்'.

படிவம் மூன்றில் படித்தபோது, இல்ல விளையாட்டுப் போட்டியில் எங்கள் சிவப்பு இல்லம் மற்ற இல்லங்களை 'எட்ஜ் அவுட்' செய்ததாகக் கட்டுரை எழுதினேன். ஆசிரியர் வட்டமிட்டுவிட்டார். அகராதியில் 'வெல்' என்றுதானே இருந்தது? "இவ்வளவு பெரிய வெற்றிக்கு இந்தச் சொல் ஆகாது" என்றார்.

'எட்ஜ்' என்றால் ஓரம், விளிம்பு. வினையாக வரும்போது மெல்ல மெல்ல நகர்தல். ஆகவே போட்டியில் மயிரிழையில் முந்துவதையே இது குறிக்கும். 2012 இலண்டன் ஒலிம்பிக் பூப்பந்து இறுதியாட்டத்தை எண்ணிப் பாருங்கள். லீ சோங் வெய்யை லின் டான் 15-21, 21-10, 21-19 என்று வென்றாரே, அதுதான் 'எட்ஜ் அவுட்'. (அன்று எங்கள் லயத்தில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.) பெயருக்குப் பதிலாக 'ஹிம்' வந்தால் அது நடுவில் அமரும்: 'எட்ஜ் ஹிம் அவுட்'.

இதற்கு இன்னொரு பொருளும் உண்டு. ஒருவரைச் சிறிது சிறிதாக அவர் இடத்திலிருந்து அகற்றுவது. இது எனக்கு விளங்கவேயில்லை. தாத்தாவிடம் சொன்னேன். நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பால்மரம் சீவியவர் அவர்.

"ஓரங்கட்டுறது. பால்மரத்தச் செம்பன ஓரங்கட்டுச்சே, அப்படி."

அகராதி தராத சொல்லை அவர் தந்துவிட்டார். ஆங்கிலத்திலும் ஓரம், தமிழிலும் ஓரம்! அவர் காட்டிய உதாரணமும் பொருத்தமானது. செம்பனை ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1960-களிலிருந்து, பால்மரம் முதிர்ந்து மறுநடவு செய்யும்போதெல்லாம் பல தோட்டங்களில் அந்த இடத்தில் செம்பனையை நட்டார்கள். பால்மரம் பால் தர ஐந்தாறு ஆண்டுகளுக்கு மேலாகும். செம்பனை மூன்றாண்டில் காய்க்கும். ஆள்களும் குறைவாகவே தேவை. 1990-களின் தொடக்கத்தில் நாட்டில் பால்மரத்தைவிடச் செம்பனையே அதிகப் பரப்பில் நின்றது. வேலை குறைந்த குடும்பங்கள் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் பெயர்ந்தன.

மறுவாரம் 'ஆயில் பாம் எட்ஜ்ட் அவுட் ரப்பர்' என்று எழுதிச் சரி வாங்கினேன். தாத்தாவிடம் படித்துக் காட்டினேன்.

"மரத்த எழுதிட்ட. எங்கள எழுதலியா?" என்றார்.

எழுதியிருக்கலாம். இச்சொல் மனிதருக்கும் வரும்: 'வீ வெர் எட்ஜ்ட் அவுட்'.