திரைப்படக் களஞ்சிய உரிமையும் அயல்நாட்டு விற்பனையும்: மாடர்ன் தியேட்டர்ஸை முன்வைத்து

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில், சேர்வராயன் மலையடிவாரத்தில், மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு இன்றும் நிற்கிறது. டி.ஆர்.சுந்தரம் 1935இல் தொடங்கிய இந்நிறுவனம் நூற்றுக்கு மேற்பட்ட படங்களைத் தயாரித்தது. அமெரிக்கக் கூட்டுத் தயாரிப்பான ‘தி ஜங்கிள்’ 1952இல் அந்நாட்டிலும் வெளியானது.

இத்தகைய படக் களஞ்சியத்தை அயல்நாட்டுத் தொலைக்காட்சிக்கு விற்கும்போது கைமாறுவது படச்சுருள் அன்று. நிலப்பரப்பு, காலம், ஊடகம் ஆகிய மூன்று எல்லைகளுக்கு உட்பட்ட உரிமையே ஆகும். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் உரிமைகளைத் தனித்தனியே விற்கலாம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, உரிமைமாற்ற ஆவணம் காலத்தைக் குறிப்பிடாவிடில் 5 ஆண்டுகள் எனவும், நிலப்பரப்பைக் குறிப்பிடாவிடில் இந்தியா மட்டும் எனவும் கொள்ளப்படும். ஆயின், 1994ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வருமுன் எழுதப்பட்ட ஆவணங்களுக்கு இவ்விதிகள் பொருந்தா. ஆகவே, பழைய படங்களின் அயல்நாட்டு உரிமை யாருடையது என்பதை மூல ஒப்பந்தத்தின் சொற்களைக் கொண்டே அறிய வேண்டியுள்ளது. அத்தாள் தொலைந்துவிடின், வாங்குவோருக்கு உரிமைத் தொடர்ச்சியை மெய்ப்பிப்பது அரிது.

உரிமைக்குக் காலவரம்பும் உண்டு. படம் வெளியான ஆண்டிற்கு அடுத்த ஆண்டு முதல் 60 ஆண்டுகளே பதிப்புரிமை நீடிக்கும். 1970இல் வெளிவந்த இந்நிறுவனத்தின் ‘சி.ஐ.டி. சங்கர்’ படத்திற்கு அவ்வுரிமை 2030 இறுதியில் இந்தியாவில் முடிவடையும். எனவே, படச்சுருளுக்கு இணையாக ஒப்பந்த ஆவணங்களையும் திரட்டிப் பாதுகாப்பது திரைப்பட வரலாற்றாய்வின் உடனடித் தேவையாகும்.