எண்ணெய் பட்ட காகிதம் எந்தப் பையில்?

போன மாதம் ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். பசியாறியதும் நாசி லெமாக் மடித்த காகிதத்தைச் சுருட்டி, பழைய பேப்பர் வைத்திருந்த பையில் போட்டேன். பெரியம்மா உடனே கையை விட்டு அதை வெளியே எடுத்தார்.

"எண்ணெய் பட்டதை ஏம்மா இதுல போடுற? பால்ல மண்ணு விழுந்த மாதிரி ஆயிடும்."

வானொலியில் 'மறுசுழற்சி செய்யுங்கள்' என்று எத்தனையோ தடவை பேசியிருக்கிறேன். எதைச் சேர்க்கக் கூடாது என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை!

பெரியம்மா முப்பது வருடம் பால்மரம் சீவியவர். மங்கில் இருக்கும் பால் ஒரு வாளியில், உறைந்த கட்டிப்பால் இன்னொன்றில், வெட்டுக் கோட்டில் காய்ந்த ஒட்டுப்பால் தனியாக. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. கலந்துவிட்டால் நல்ல பாலும் மட்டமாகிவிடும். குப்பையைப் பிரிக்க அவருக்கு யாரும் பட்டறை நடத்த வேண்டியதில்லை.

நெகிரி செம்பிலான் உட்பட 672ஆம் சட்டத்தை ஏற்ற மாநிலங்களில், 2015 செப்டம்பர் 1 முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரிப்பது கட்டாயம். தவறினால் முதல் முறை 50 வெள்ளி, அடுத்து 100, மூன்றாம் முறை 500 வெள்ளி அபராதம். தாமான் வீடுகளில் வாரம் இரண்டு நாள் சாதாரணக் குப்பையும், ஒரு நாள் மறுசுழற்சிப் பொருளும் எடுக்கிறார்கள். இது பலருக்கும் தெரியும். குழப்பமெல்லாம் கையில் ஒரு பொருளை வைத்துக்கொண்டு நிற்கும்போதுதான்.

எண்ணெய் ஊறிய காகிதம், டிஷ்யூ, குழந்தையின் பேம்பர்ஸ் எல்லாம் குப்பைக்குத்தான். மூன்று அடுக்கு மைலோ பாக்கெட், மீ பொட்டலம் ஆகியவற்றில் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டியிருக்கும். பிரித்தெடுப்பது கடினம் என்பதால் வாங்க ஆள் அபூர்வம். பால் டின், சார்டின் டின், ஷாம்பு போத்தல் போன்றவற்றைக் கொஞ்சம் தண்ணீரில் அலசினால் போதும், பளபளவென்று தேய்க்க வேண்டாம். பொரித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாமல் போத்தலில் சேர்த்தால், விலைக்கு வாங்குபவர்கள் இருக்கிறார்கள். பேட்டரி, குழல் விளக்கு இரண்டும் எந்தப் பையிலும் சேராது. மின்கழிவு வாங்கும் இடத்துக்கே கொண்டுபோக வேண்டும். உடைந்த கண்ணாடியைப் பேப்பரில் நன்றாகச் சுற்றிப் போடுங்கள், குப்பை அள்ளுபவருக்கும் கை இருக்கிறது.

சந்தேகம் வந்தால் மறுசுழற்சிப் பையில் போட்டுவிடலாம், அங்கே யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அந்த நல்லெண்ணத்தால்தான் ஒரு பை சுத்தமான காகிதம் வீணாகிறது.

தோட்டத்தில் இன்னொரு பழக்கமும் உண்டு. லயத்துக்குப் பின்னால் குழி வெட்டி, சாயங்காலம் எல்லாவற்றையும் கொளுத்துவது. இலை தழை மட்டுமே இருந்த காலத்தில் வந்த பழக்கம். இப்போது அதில் பாதி பிளாஸ்டிக். அந்தப் புகையைச் சுவாசிப்பது அடுத்த வீட்டுப் பிள்ளை. திறந்தவெளியில் எரிப்பது சட்டப்படி குற்றமும்கூட. பெரியம்மாவும் போன வருடம் வரை கொளுத்தியவர்தான். பேரனுக்கு இழுப்பு வந்த பிறகு நிறுத்திவிட்டார்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே 'சூராட் காபார் லாமா' லாரி ஒலிபெருக்கியோடு வந்தது. லாரிக்காரர் பேப்பர் கட்டைப் பிரித்து, நடுவில் கையை விட்டுப் பார்த்தார். ஈரமில்லை, பிசுக்கில்லை. தராசில் வைத்தார். பெரியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.