கடைப் பொட்டலமும் வீட்டு அடுப்பும்

மனிதனுக்கு இன்றியமையாதவை உணவு, உடை, உறையுள் என்று சிறுவயது முதல் படித்து வருகிறோம். ஆனால் ஒரு சட்டைத் துணியைத் தேர்ந்தெடுக்க நாம் செலவிடும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட உணவைத் தேர்ந்தெடுக்கச் செலவிடுவதில்லை. பசி வந்தால் கைக்கு எட்டியதை உண்கிறோம். கல்லூரி விட்டதும் பேருந்து நிலையத்தில் கைக்கு எட்டுவது பஜ்ஜியும் போண்டாவும் சமோசாவும். இரவில் எட்டுவது பரோட்டாவும் சால்னாவும். கைப்பேசியில் சொன்னால் இவை வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிற காலம் இது.

“கடையில் வாங்கித் தின்னாதே, உடம்புக்கு ஆகாது” என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். ஏன் ஆகாது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைப்பதில்லை. அதனால் அந்த அறிவுரை நம் காதோடு நின்றுவிடுகிறது. அதற்கான விடை எங்கள் வேதியியல் பாடத்திலேயே இருக்கிறது. வேதியியல் பயிலும் மாணவன் என்ற முறையில் அதை எளிய தமிழில் விளக்க முற்படுகிறேன்.

எண்ணெய் பகைப் பொருளா?

முதலில் எண்ணெயின் மீதுள்ள வீண்பழியைக் களைய வேண்டும். எண்ணெய் உடலுக்குத் தேவையான பொருள். ஏ, டி, ஈ, கே ஆகிய நான்கு வைட்டமின்களும் கொழுப்பில் கரைபவை. முருங்கைக் கீரையிலும் கேரட்டிலும் உள்ள கரோட்டின் என்னும் பொருளை உடல் ஏற்க வேண்டுமானால் அவற்றுடன் சிறிது எண்ணெய் சேர வேண்டும். கீரையைக் கடைந்த பின் ஒரு கரண்டி எண்ணெயில் கடுகும் உளுந்தும் தாளித்துக் கொட்டும் நம் வீட்டு வழக்கம் வாசனைக்கு மட்டும் உதவுவதன்று, அறிவியலுக்கும் பொருந்துவது.

ஆனால் எண்ணெய் அடர்ந்த எரிபொருள். ஒரு கிராம் மாவுப்பொருள் நமக்கு 4 கிலோ கலோரி ஆற்றல் தருகிறது. ஒரு கிராம் எண்ணெய் 9 கிலோ கலோரி தருகிறது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், நாளொன்றுக்கு 2000 கிலோ கலோரி தேவைப்படும் ஒருவருக்கு வகுத்துள்ள உணவுத் திட்டத்தில் எண்ணெய்க்கும் கொழுப்புக்கும் ஒதுக்கியிருப்பது 27 கிராம்தான். நால்வர் உள்ள குடும்பத்துக்கு இதைப் பெருக்கிப் பாருங்கள். மாதத்துக்கு 3,240 கிராம். ஏறத்தாழ மூன்றரை லிட்டர். வீட்டில் ஒரு மாதத்துக்கு எவ்வளவு எண்ணெய் வாங்குகிறோம் என்பது மளிகைச் சீட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். கடையில் உண்ணும் எண்ணெய்க்கோ சீட்டே இல்லை. அங்கே பஜ்ஜியின் எண்ணிக்கை தெரியும். எண்ணெயின் அளவு தெரியாது. கடை உணவுக்கும் வீட்டு உணவுக்கும் உள்ள முதல் வேறுபாடு இதுவே.

வாணலியில் நடப்பது என்ன?

பலகாரம் பொரியும் எண்ணெயின் வெப்பம் சுமார் 170 முதல் 190 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். தண்ணீர் 100 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். எனவே மாவில் தோய்த்த வாழைக்காய் எண்ணெயில் விழுந்ததும் மாவிலுள்ள நீர் ஆவியாகி வெளியே பாய்கிறது. ‘சொர்’ என்ற ஓசையும் குமிழிகளும் அதனால்தான். ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் வரையில் எண்ணெய் உள்ளே நுழைவது கடினம்.

அப்படியானால் பஜ்ஜியில் எண்ணெய் எப்போது ஏறுகிறது? பெரும்பகுதி ஏறுவது வாணலியை விட்டு வெளியே எடுத்த பிறகு! பலகாரம் ஆறத் தொடங்கியதும் உள்ளே இருக்கும் நீராவி குளிர்ந்து சுருங்குகிறது. அங்கே உண்டாகும் வெற்றிடம், மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆகவே, எடுத்த உடனே சூட்டோடு எண்ணெயை வடியவிடுவது மிகவும் பயனுள்ள செயல். அள்ளித் தட்டில் குவித்து வைத்தால், வடிய வேண்டிய எண்ணெய் முழுவதும் வயிற்றுக்குத்தான் போகும்.

எண்ணெய் சரியாகக் காயாமல் இருந்தாலும் இதே தொல்லைதான். மேற்பரப்பு விரைவில் மொறுமொறுப்பாவதில்லை. பலகாரம் நெடுநேரம் எண்ணெயில் கிடந்து ஊறுகிறது. கூட்டம் மிகுந்த நேரத்தில் ஒரே ஈட்டில் வாணலி நிறையப் போட்டால் எண்ணெயின் சூடு சட்டென்று இறங்கிவிடும். மாலை நேரத்துப் பரபரப்பில் கிடைக்கும் வடை கையில் பிசுபிசுப்பதற்கு இது ஒரு காரணம்.

பழைய எண்ணெய்

அளவைவிடப் பெரிய சிக்கல் எண்ணெயின் வயது. ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அதில் மூன்று மாற்றங்கள் நிகழ்கின்றன.

முதலாவது, நீராற்பகுப்பு. உணவிலிருந்து வெளிப்படும் நீர், எண்ணெய் மூலக்கூற்றைப் பிளந்து கொழுப்பு அமிலங்களைத் தனியே பிரிக்கிறது. இவை பெருகப் பெருக எண்ணெய் குறைந்த சூட்டிலேயே புகையத் தொடங்கும். அந்தப் புகையில் கண்ணைக் கரிக்கச் செய்யும் அக்ரோலின் என்னும் பொருள் உண்டு. இரண்டாவது, ஆக்சிஜனேற்றம். காற்றிலுள்ள ஆக்சிஜன் எண்ணெயின் இரட்டைப் பிணைப்புகளைத் தாக்கிப் பெராக்சைடுகளையும், பின்னர் ஆல்டிஹைடுகளையும் உண்டாக்குகிறது. நாள்பட்ட முறுக்கில் வரும் காறல் வாடை இதன் விளைவே. மூன்றாவது, பலபடியாதல். மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து எண்ணெய் தடித்துப் பிசினைப் போலாகிறது. வாணலியின் விளிம்பில் அரக்கு நிறத்தில் ஒட்டிக்கொண்டு தேய்த்தாலும் போகாத படிவு அதுதான்.

இம்மாற்றங்களால் உண்டாகும் கேடான பொருள்களை ஒருசேர அளந்து, ‘மொத்த முனைவுச் சேர்மங்கள்’ என்று குறிப்பிடுகிறார்கள். இவை 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக்கூடாது என்னும் விதியை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018 ஜூலை முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டில், கழிக்கப்பட்ட எண்ணெயைச் சேகரித்து பயோடீசல் தயாரிக்க அனுப்பும் திட்டமும் தொடங்கப்பட்டது. பொரிக்க ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவிடும் பெரிய நிறுவனங்கள் கணக்குப் பதிவேடு வைக்க வேண்டும் என்ற கட்டளையும் உண்டு. நம் தெருமுனைத் தள்ளுவண்டி அந்த அளவை எட்டாது. எனவே அங்கே நம் கண்ணும் மூக்குமே அதிகாரிகள். எண்ணெய் கறுத்திருந்தால், நுரைத்தால், தேனைப் போல மெதுவாக வழிந்தால், அடுப்பைத் தூண்டும் முன்பே புகைந்தால் பேசாமல் நகர்ந்துவிடுவதே நன்று.

இங்கே கடைக்காரரை மட்டும் குற்றஞ்சாட்டுவது முறையாகாது. பலகாரச் செலவில் எண்ணெயின் பங்கு பெரிது. விலை ஏறாமல் இருக்க வேண்டும், ஆனால் எண்ணெய் மட்டும் புதிதாக இருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்த்தால், அந்த இரண்டையும் அவரால் தர இயலாது. அந்தப் புகையை நாள்தோறும் மூச்சில் இழுப்பவரும் அவரே.

பரோட்டாவும் வனஸ்பதியும்

பரோட்டாவைப் பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரை நிறைவு பெறாது. கோதுமையின் தவிட்டையும் முளையையும் நீக்கிய பிறகு கிடைப்பது மைதா. நார்ச்சத்தில் பெரும்பகுதி தவிட்டோடு போய்விடுகிறது. மாவைப் பிசைந்து, எண்ணெயில் ஊறவைத்து, வீசி, சுருட்டி, மீண்டும் எண்ணெய் விட்டுக் கல்லில் சுடும்போது அடுக்கடுக்காக எண்ணெய் சேர்கிறது. மாஸ்டர் மாவை வீசும்போது அது கிழியாமல் கண்ணாடி போல் விரிவதற்குக் காரணம் குளூட்டன் என்னும் புரதம். விருதுநகரின் புகழ்பெற்ற பொரித்த பரோட்டாவோ எண்ணெயிலேயே நீந்தி வருவது. சுவையில் குறை சொல்ல எனக்கு மனமில்லை. என்றாவது ஒரு நாள் உண்பதற்கும் அன்றாடம் உண்பதற்கும் வேறுபாடு உண்டு என்பதே என் கருத்து.

சில கடைகளில் மிருதுத்தன்மைக்காக வனஸ்பதி சேர்ப்பதுண்டு. தாவர எண்ணெயில் ஹைட்ரஜனைச் செலுத்தி அதைக் கெட்டியாக்குவது பழைய தொழில்நுட்பம். இந்த ஹைட்ரஜனேற்றம் அரைகுறையாக நிகழும்போது ‘டிரான்ஸ்’ கொழுப்பு உண்டாகிறது. இது இரத்தத்தில் தீய கொலஸ்டிராலை உயர்த்தி நல்ல கொலஸ்டிராலைக் குறைப்பது. இதய நோய்க்கு வழிவகுப்பது. எண்ணெயிலும் கொழுப்பிலும் இது 2 விழுக்காட்டுக்கு மேல் இருத்தலாகாது என்ற விதி 2022 ஜனவரி முதல் நம் நாட்டில் நடைமுறையில் உள்ளது.

பொட்டலத்தின் கதை

உணவோடு பொட்டலத்தையும் நாம் கொஞ்சம் உண்கிறோம். செய்தித்தாளில் வைத்த சூடான வடை அச்சு மையை உறிஞ்சிக்கொள்கிறது. வடையைப் பிழிந்து எண்ணெயை எடுக்கவும் நாம் நாடுவது அதே தாளைத்தான்! செய்தித்தாளில் உணவைப் பொதிவதற்குச் சட்டப்படி தடை உள்ளது. கொதிக்கும் சால்னாவைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தருவதும் தவறே. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி முதல் நாளிலிருந்தே தடை செய்துள்ளது. ஒரு தூக்குவாளியை உடன் எடுத்துச் செல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நம் தாத்தாக்கள் அப்படித்தான் வாங்கி வந்தார்கள்.

வீட்டு அடுப்பு

வீட்டுச் சமையலின் பெருமை எதில் இருக்கிறது? அங்கே அளவு நம் கையில் இருக்கிறது. எண்ணெயை, உப்பை, காரத்தை நாமே தீர்மானிக்கிறோம். நாளொன்றுக்கு ஒருவர் 5 கிராமுக்கும் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. வீட்டில் உப்பைக் குறைக்கலாம். சால்னாவில் குறைக்க இயலாது. இட்லி, இடியாப்பம், புட்டு, கொழுக்கட்டை என்று ஆவியில் வேகும் உணவு நம்மிடம் ஏராளம். அவற்றை வேகவைக்க எண்ணெய் தேவையில்லை.

ஆனால் வீட்டில் சமைத்தாலே எல்லாம் நல்லது என்று நினைப்பதும் தவறு. அப்பளம் பொரித்த எண்ணெயைக் கிண்ணத்தில் மூடிவைத்து, வாரக்கணக்கில் அதிலேயே வடகமும் வடையும் பொரித்தால், அந்த வீட்டு வாணலிக்கும் தெருமுனை வாணலிக்கும் வேறுபாடு இல்லை. மிஞ்சிய எண்ணெயை வடிகட்டி, ஓரிரு நாளில் தாளிப்பதற்கோ தோசைக்கோ செலவழித்துவிட வேண்டும். புது எண்ணெயோடு பழையதைக் கலக்கக்கூடாது.

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் 95ஆம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். மருந்துப் பொருள் ஒன்றின் பெயரும் அங்கே இல்லை. முன் உண்டது செரித்ததை அறிந்து, அளவோடு உண்பதைப் பற்றியே வள்ளுவர் மிகுதியும் பேசுகிறார்.

யார் சமைப்பது?

இவ்வளவும் எழுதிவிட்டு ஒரு கேள்வியைத் தவிர்த்தால் இக்கட்டுரை அரைகுறையாகிவிடும். வீட்டில் சமைப்பது நல்லது. சரி, யார் சமைப்பது?

என் தாயார் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிறவர். காலை எட்டு மணிக்குப் புறப்பட்டால் வீடு திரும்ப மாலை ஆறரை ஆகும். களைத்து வரும் நாள்களில் தந்தையார் பரோட்டாப் பொட்டலம் வாங்கி வருவார். “அடுப்பு மூட்டாத வீடு” என்று அக்கம்பக்கத்தார் என் தாயாரைத்தான் சொன்னார்களே தவிர, வீட்டில் இருந்த மற்ற மூவரை ஒருவரும் சொல்லவில்லை. பிறகு தந்தையாருக்கு இரத்த அழுத்தம் இருப்பது தெரியவந்தது. எண்ணெயையும் உப்பையும் குறைக்கச் சொன்னார் மருத்துவர். அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. மாத்திரை வாசலுக்கு வந்தாலும், சோறு வீட்டுக்குள்ளேதான் வேக வேண்டும் என்பதை அப்போது உணர்ந்தோம்.

வீட்டில் வேலையைப் பங்கிட்டுக்கொண்டோம். காய் நறுக்குவது தந்தையார், உலை வைப்பது நான், தாளிப்பது தங்கை. ஒரு குக்கரில் அடியில் பருப்பு, மேல் தட்டில் அரிசி. பக்கத்து அடுப்பில் ஒரு காய். தாயார் வந்து முகம் கழுவும் நேரத்தில் சாப்பாடு தயாராக இருக்கும். முதன்முதலாக நான் வைத்த குழம்பைத் தாயார் உண்டுவிட்டு, “உப்புக் கொஞ்சம் பத்தலைப்பா” என்றார். “டாக்டர் சொன்ன அளவு அதுதான்ம்மா” என்றேன். அதன் பின் இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் நண்பர்களுக்கு ஒரு சொல். இரவில் ஊறவைத்த கொண்டைக்கடலை மறுநாள் மாலை சுண்டலாகும்; அதற்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய் போதும். அவித்த முட்டைக்கும் வேர்க்கடலைக்கும் அதுவும் வேண்டாம். சமைக்கத் தெரிவது ஆணுக்கு இழிவன்று; நீச்சல் தெரிவதைப் போன்ற ஒரு தற்காப்பு.

நண்பர்களோடு கடைவாசலில் நின்று சூடாக ஒரு பஜ்ஜி தின்னும் மகிழ்ச்சியை எவரும் கைவிட வேண்டியதில்லை. தின்னும் முன் அந்த வாணலியை ஒருமுறை எட்டிப் பாருங்கள். தின்று முடித்து வீட்டுக்குப் போனதும், அங்கே உலை வைத்திருப்பவர் யார் என்பதையும் பாருங்கள். அவருக்கு ஒரு கை கொடுத்தால், வீட்டு உணவு தானாகவே பெருகும்; கடைப் பொட்டலம் தானாகவே குறையும்.