மருந்தைத் தொடங்குவது எப்போது? கர்ப்பகால நீரிழிவில் இரண்டு வாரக் கணக்கு

கர்ப்பகால நீரிழிவு உள்ள தாய்மார்களிடம் மருந்தைப் பற்றிப் பேச்செடுத்ததும் நாங்கள் அடிக்கடி கேட்கும் மறுமொழி ஒன்று உண்டு: "இன்னும் ஒரு வாரம் சாப்பாட்டைக் குறைத்துப் பார்க்கிறேனே, டாக்டர்." உடன் வந்திருக்கும் தாயாரோ மாமியாரோ அதையே வேறு சொற்களில் கேட்பார்கள். அந்த ஒரு வாரத்தைத் தரலாமா, கூடாதா என்பதை எதைக் கொண்டு முடிவு செய்கிறோம் என்பதை இங்கே விளக்க விரும்புகிறோம்.

முதலில் சோதனை. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொல்லி, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுக்கிறோம். சர்க்கரை 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் அது கர்ப்பகால நீரிழிவு. சென்னையைச் சேர்ந்த டாக்டர் வீ. சேஷய்யாவும் அவரோடு பணியாற்றிய 'டிப்சி' ஆய்வுக் குழுவினரும் பரவச் செய்த முறை இது. வெறும் வயிற்றோடு வரவேண்டியதில்லை என்பதால், பாகூரிலிருந்தும் வில்லியனூரிலிருந்தும் பேருந்தில் வருவோருக்குப் பெரிய உதவி. கருவுற்ற தொடக்கத்தில் ஒருமுறையும், 24 முதல் 28 வாரங்களுக்குள் மறுமுறையும் இச்சோதனை செய்யப்படுகிறது. இரண்டாவது சோதனை பெரும்பாலும் வளைகாப்பை ஒட்டியே வந்து நிற்கிறது. கலவை சாதமும் இனிப்பும் வீட்டில் நிறைந்திருக்கும் வேளையில் உணவுக் கட்டுப்பாடு பற்றிப் பேசுவது எங்களுக்கும் எளிதன்று.

சோதனையில் தெரியவந்தவுடன் பெரும்பாலோருக்கு மருந்து தருவதில்லை. தேசிய வழிகாட்டுதலின்படி இரண்டு வாரங்கள் உணவு முறையும் நடையும் மட்டுமே. சோற்றின் அளவைக் குறைத்து, கீரை, சுண்டல், மீன் ஆகியவற்றைக் கூட்டி, மூன்று வேளை உணவை ஐந்தாறாகப் பிரிக்கிறோம். நகரில் இருப்போர்க்கு மாலையில் வாகனங்கள் விடப்படாத கடற்கரைச் சாலை இருக்கவே இருக்கிறது. 2005இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வொன்றில், 1000 தாய்மாரில் சிகிச்சை பெற்ற பிரிவினரின் குழந்தைகளுக்குக் கடுமையான சிக்கல்கள் 4 விழுக்காட்டிலிருந்து 1 விழுக்காடாகக் குறைந்தன. அப்பிரிவினருள் இன்சுலின் தேவைப்பட்டது ஐவரில் ஒருவருக்குத்தான்.

இரண்டு வாரம் ஏன், நான்கு வாரம் ஏன் கூடாது? 28ஆம் வாரத்தில் இருக்கும் தாய்க்கு எஞ்சியிருப்பது ஏறத்தாழ பன்னிரண்டு வாரங்கள். தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையை அடைகிறது. தாயின் இன்சுலினோ கடப்பதில்லை. வந்து சேரும் மிகுதிச் சர்க்கரையைக் கையாளக் குழந்தை தானே இன்சுலினைச் சுரந்து, கொழுப்பாகச் சேர்த்துக்கொள்கிறது. பிறந்தவுடன் தாயின் சர்க்கரை நின்றுவிட, குழந்தையின் இன்சுலின் மட்டும் மிகுந்திருப்பதால் அதன் சர்க்கரை திடீரெனத் தாழக்கூடும். ஆகவே தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் குழந்தை வளரும் வாரம். முதற் சோதனையிலேயே அளவு 200ஐத் தாண்டியிருந்தால் இந்த இரண்டு வாரத்தையும் நாங்கள் தருவதில்லை.

இரண்டு வாரம் கழித்து, உணவுக்கு இரண்டு மணி நேரத்துக்குப் பின் 120க்குக் கீழே இருந்தால் உணவு முறையே தொடரும். 120ஐ எட்டினால் மருந்து. வெறும் வயிற்றில் 95க்குக் கீழே இருப்பதே நாங்கள் நாடும் அளவு. எனினும், உறவினர் திருமணத்தில் உண்ட ஒருநாள் விருந்தை வைத்து மருந்து எழுதுவதில்லை. குறிப்பேட்டில் பல நாள் அளவுகள் எப்படி இருக்கின்றன, ஸ்கேனில் குழந்தையின் வயிற்றுச் சுற்றளவு எப்படி வளர்கிறது என்பவற்றையும் சேர்த்துப் பார்க்கிறோம்.

காலை வெறும் வயிற்று அளவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். "இரவு ஒன்றுமே சாப்பிடவில்லை, இருந்தும் காலையில் 105" என்று கண்கலங்கும் தாய்மாரைப் பார்க்கிறோம். அவர்கள் பொய் சொல்லவில்லை. இரவில் கல்லீரல் தன் இருப்பிலிருந்து சர்க்கரையை வெளிவிடுகிறது. கர்ப்பகால ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையைத் தடுப்பதால் அது கட்டுக்கடங்குவதில்லை. இரவு உணவை விட்டுவிடுவது இதற்கு மருந்தாகாது. பட்டினியால் உடல் கொழுப்பை எரித்துக் கீட்டோன்களை உண்டாக்கும், குழந்தைக்கும் அது நல்லதன்று. இத்தகையோர்க்கு இன்னும் ஒரு வாரம் சாப்பாட்டைக் குறைப்பதால் பயன் மிகக் குறைவு. சோதனைக்கு முந்தைய நாள் மட்டும் பட்டினி கிடந்து நல்ல எண்ணோடு வருவோரும் உண்டு. அந்த எண் எங்களையும் ஏமாற்றிவிடுகிறது.

எந்த மருந்து? மெட்ஃபார்மின் மாத்திரையை 20ஆம் வாரத்துக்குப் பின் தொடங்கலாம். அதற்கு முன்பெனில் இன்சுலின்தான். 2008இல் வெளியான நியூசிலாந்து, ஆஸ்திரேலிய ஆய்வில் மெட்ஃபார்மின் எடுத்தவர்களின் குழந்தைகளுக்குப் பிறப்பையொட்டிய சிக்கல்கள் கூடவில்லை. ஆயினும் அவர்களுள் 46 விழுக்காட்டினருக்குப் பின்னர் இன்சுலினும் தேவைப்பட்டது. மெட்ஃபார்மின் நஞ்சுக்கொடியைக் கடக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். ஊசிக்கு அஞ்சுவோர் மாத்திரையை விரும்புவது இயல்பு. அளவுகள் மிக உயர்ந்திருந்தால் மட்டும் நேரே இன்சுலினுக்குப் போகச் சொல்கிறோம்.

"இன்சுலின் ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போட வேண்டும்" என்ற பேச்சு திண்ணைதோறும் உலவுகிறது. கர்ப்பகாலத்தில் தோன்றிய நீரிழிவில் பெரும்பாலான தாய்மார்களுக்கு நஞ்சுக்கொடி வெளியேறியதும் தேவை சட்டெனக் குறைந்து, பிரசவத்தோடு ஊசி நின்றுவிடுகிறது. இன்சுலின் எடுக்கும் நாட்களில் வியர்வை, நடுக்கம், திடீர்ப் பசி தோன்றினால் மூன்று தேக்கரண்டி குளுக்கோஸை ஒரு தம்ளர் நீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும். இதை வீட்டில் உள்ள அனைவரும் அறிந்திருக்கட்டும்.

பிரசவத்துக்கு ஆறு வாரங்களுக்குப் பின் 75 கிராம் குளுக்கோஸ் சோதனை மீண்டும் செய்யப்பட வேண்டும். பலர் வருவதில்லை. குழந்தையின் ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு வரும் நாளிலேயே தாய்க்கும் இதைச் செய்துகொள்ளலாம். முன்னதாகச் சொல்லிவிட்டால் இரண்டுக்கும் ஒரே நாளைக் குறித்துத் தருகிறோம். இந்தச் சோதனைக்கு மட்டும் வெறும் வயிற்றோடு வாருங்கள்.