டிகாண்டரும் அதன் மூடியும்

குர்லா நேரு நகரிலிருந்து எழுதியுள்ள அன்பர் ஒருவர், சோர் பஜாரில் தாம் வாங்கிய பழைய கண்ணாடி டிகாண்டரில் எலுமிச்சை சர்பத்தை ஊற்றி வைக்கலாமா என்று வினவியிருக்கிறார். அதன் சரித்திரத்தை ஓரளவேனும் அறியாமல் விடை கூறுவது சரியன்று.

போர்ட் போன்ற திராட்சை மதுவில் நாளடைவில் வண்டல் தங்குமாகையால், அதைத் தெளிவிறுத்து விருந்து மேஜைக்குக் கொணரவே இக்குடுவை பயன்பட்டது. 1670களில் லண்டனில் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் என்பவர் ஈய ஆக்ஸைடு கலந்து கண்ணாடி செய்யும் முறையை வகுத்த பின்னர், பட்டை தீட்ட இணங்கும் மென்மையும் அரிய பிரகாசமும் அதற்கு வாய்த்தன. உணவு முடிந்து மேஜைத் துணியை அகற்றியபின், கழுத்தில் வெள்ளிச் சங்கிலியில் மதுவின் பெயர் பொறித்த தகடு பூண்ட டிகாண்டர், விருந்தினரிடையே இடப்புறமாகக் கைமாறிச் சுற்றி வருவது ஆங்கிலேயர் சம்பிரதாயம். கம்பெனிக் காலத்து இந்தியாவில் அவர்கள் விரும்பிய மதீரா என்னும் மது, கப்பலின் வெம்மையில் மாதக்கணக்கில் கிடந்தும் கெடாமல் சுவை கூடிற்று.

ஆயினும் என் உள்ளத்தை ஆட்கொண்டது மூடிதான். குருந்தப் பொடியும் நீரும் இட்டு, அந்தந்த மூடியின் தண்டை அந்தந்தக் கழுத்துக்கே பொருந்துமாறு தேய்த்தார்கள். ஒன்றின் மூடி இன்னொன்றோடு கலந்துவிடலாகாதே என்று, பல குடுவைகளில் தண்டின் அடியிலும் கழுத்திலும் ஒரே எண்ணைக் கீறியும் வைத்தார்கள். எங்கள் கிராமத்து வீட்டில் பாட்டி காலம் முதல் ஒன்றையொன்று தேய்த்துத் தேய்த்து இணங்கிவிட்ட ஆட்டுக்கல்லும் குழவியும் போன்ற பந்தம் அது. அந்த எண்ணைப் பாராமலே, சோர் பஜாரின் மட்டன் ஸ்ட்ரீட் கடைகளில் கைக்கு அகப்பட்ட மூடியைச் செருகி விற்கிறார்கள். சிலர் குடுவையின் அடியில் துளையிட்டு மின்விளக்குத் தண்டாக்கிவிடுகிறார்கள். ஒரு தொழிலாளி மணிக்கணக்கில் நின்று இழைத்த பொருத்தத்தை இவ்வாறு பிரிப்பது அநியாயம் என்றே சொல்வேன். வாங்குவோர் மூடியைச் சற்றே அசைத்து, எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

இனி, சர்பத். 1991இல் லான்செட் சஞ்சிகையில் வெளிவந்த ஆராய்ச்சியில், ஈயக் கண்ணாடி டிகாண்டர்களில் நான்கு மாதம் இருந்த போர்ட் மதுவில் லிட்டருக்கு 2 முதல் 5 மில்லிகிராம் வரை ஈயம் ஊறியிருந்தது. குடிநீருக்கு உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த அளவோ 0.01 மில்லிகிராம். எலுமிச்சையின் புளிப்பு ஈயத்தை இன்னும் எளிதில் இழுக்கும். குழந்தைகளுக்கு அது பெருந்தீங்கு. அன்பரின் குடுவை அளவுக்கு மிஞ்சிய கனமாயிருந்து, தட்டினால் நாதம் நீடித்து ஒலிக்குமாயின், அது ஈயக் கண்ணாடியாகவே இருக்கக்கூடும். அதை மூடியோடு அலமாரியில் வைத்துக் காத்துவருக. சர்பத்துக்குச் சாதாரணக் கண்ணாடி ஜாடியே உத்தமம்.