ஒட்டுச் சித்திரமும் நம் கடைச் சரக்கும்

எழுதுபொருள் கடை வைத்திருக்கும் அன்பர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். வாடிக்கையாளர் ஒருவர் வருகிறார். கெட்டித் தாள் இரண்டு, டிஷ்யூ காகிதம் நாலு நிறம், வெள்ளைப் பசை ஒரு டப்பா, வண்ணம், தூரிகை என்று வாங்குகிறார். பணம் கொடுக்கும்போது, "பழைய காலண்டர் ஏதாவது இருக்கிறதா? கல்யாணப் பத்திரிகை மாதிரி வீணானது இருந்தாலும் கொடுங்கள்" என்கிறார். எடைக்குப் போட வைத்திருக்கும் காகிதத்தை ஒருவர் கேட்டு வாங்குவது நமக்கு வியப்பாக இருக்கிறது.

அவர் செய்யப் போவது 'கொலாஜ்' எனப்படும் ஒட்டுச் சித்திரம். காகிதத் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி, இடையிடையே வண்ணம், மை, நூல், துணி ஆகியவற்றைச் சேர்த்து உருவாக்கும் படம் இது. இதைப் பற்றி நாம் தெரிந்துகொள்வது வியாபாரத்துக்கு மட்டுமல்ல, நம் நாணயத்துக்கும் நல்லது.

எங்களுக்குக் கிடைத்த பாடம்

சில ஆண்டுகளுக்கு முன் ஓவிய ஆசிரியை ஒருவர் தம் மாணவியருக்காக எங்களிடம் சரக்கு எடுத்தார். மெல்லிய சார்ட் தாளையும் மலிவான கோந்தையும் எடுத்து வைத்து, "பிள்ளைகளுக்கு இது போதும்மா" என்றோம். இரண்டு மாதம் கழித்து, கண்காட்சிக்கு முதல் நாள், படங்களைக் கட்டாகக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். தாள்கள் படகு போல வளைந்திருந்தன. கோந்து காய்ந்து வெடித்து, துண்டுகள் உதிர்ந்துகொண்டிருந்தன. டிஷ்யூவின் சிவப்புச் சாயம் பக்கத்துத் தாளில் எல்லாம் இறங்கியிருந்தது.

அவர் சண்டை போடவில்லை. "நீங்கள் சொன்னதை நம்பி வாங்கினேன்" என்று மட்டும் சொன்னார். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். முப்பது பிள்ளைகளின் இரண்டு மாத உழைப்பை எங்களால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அதன் பிறகே இந்தக் கலையைப் பற்றி விசாரித்துத் தெரிந்துகொண்டோம்.

கடையில் பிறந்த கலை

இக்கலையின் வரலாற்றில் வணிகர்களுக்கும் பங்கு உண்டு. 1912-ஆம் ஆண்டு பிரான்சின் தென்பகுதியில் உள்ள அவிஞ்ஞோன் நகரில், மர ரேகை போல் அச்சிட்ட சுவர்க் காகிதம் ஒரு கடையில் விற்பனைக்கு இருந்தது. ஓவியர் ஜார்ஜ் பிராக் அதை வாங்கி, நறுக்கி, தம் கரிக்கோல் ஓவியத்தில் ஒட்டினார். அதே ஆண்டில் அதற்குச் சில மாதங்கள் முன்பு அவர் நண்பர் பிக்காசோ, பிரம்புப் பின்னல் அச்சிட்ட மெழுகுத் துணியை ஓவியத்தில் ஒட்டியிருந்தார். நவீன ஓவியத்தில் கொலாஜ் இவ்விதம் தொடங்கியது.

ஜெர்மனியின் ஹனோவர் நகரைச் சேர்ந்த குர்ட் ஷ்விட்டர்ஸ், முதல் உலகப் போருக்குப் பின் டிராம் டிக்கெட், பொட்டலக் காகிதம், கிழிந்த விளம்பரம் ஆகியவற்றையே படமாக்கினார். 1919-இல் வங்கி விளம்பரம் ஒன்றில் இருந்த 'கொமெர்ட்ஸ்' என்ற சொல்லை வெட்டி, 'மெர்ட்ஸ்' என்ற பகுதியைத் தம் கலைக்கே பெயராக வைத்துக்கொண்டார். கொமெர்ட்ஸ் என்றால் வணிகம்.

நம் பக்கத்திலும் இதற்கு உறவான வேலை உண்டு. ரவிவர்மா அச்சுப் படங்களில் உள்ள தெய்வங்களுக்குத் துணியால் ஆடை உடுத்தி, ஜரிகையும் ஜமிக்கியும் வைத்து அலங்கரித்த படங்களைச் செட்டிநாட்டு வீடுகளில் பார்த்திருப்பீர்கள்.

அடுக்கும் முறை

முதலில் அடித்தாள். இது சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாளாக இருந்தால் பல அடுக்குகளைத் தாங்கும். அதன்மேல் எழுத்துள்ள பழைய தாள்களை ஒட்டுகிறார்கள். காய்ந்தபின் மெல்லிய டிஷ்யூவை ஒட்டினால் அடியில் உள்ள எழுத்து பாதி தெரியும். அதன்மேல் நீர்த்த வெள்ளை வண்ணம் பூசுவதும், மையால் கோடு இழுப்பதும், நூல் ஒட்டுவதும் அவரவர் விருப்பம். சிலர் உப்புத்தாளால் மேலடுக்கைத் தேய்த்து அடியில் இருப்பதை வெளிக்கொண்டு வருவார்கள். ஒவ்வோர் அடுக்கும் நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும்.

தாள் வளைவதற்குக் காரணம் ஈரம். நனைந்தால் காகிதம் விரியும், காய்ந்தால் சுருங்கும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும். பின்பக்கமும் ஒரு தாள் ஒட்டி, பட்டர் பேப்பருக்கு இடையில் வைத்து, ஓரிரவு பாரம் ஏற்றினால் வளைவு பெரும்பாலும் நிற்கும்.

எதைக் கொடுக்கலாம், எதைச் சொல்ல வேண்டும்?

கோந்து காய்ந்தால் நொறுங்கும். செல்லோ டேப் நாளடைவில் மஞ்சளாகிப் பிசுபிசுக்கும். வெள்ளைப் பசையைச் சிறிது நீர் விட்டு மெல்லியதாகப் பூசுவதே நல்லது. பைண்டிங் செய்பவர்கள் பூச்சி வராமல் இருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம். பிள்ளைகள் கைக்குப் போகக் கூடாது.

செய்தித்தாள், மரக்கூழில் உள்ள லிக்னின் காரணமாக வெளிச்சத்தில் பழுப்பேறும். பிக்காசோ ஒட்டிய செய்தித்தாள்களே பழுத்துவிட்டன. கடையில் ஜெராக்ஸ் இயந்திரம் உள்ளவர்கள், செய்தித்தாளை நல்ல தாளில் நகல் எடுத்து ஒட்டும்படி சொல்லலாம். ஜெராக்ஸ் எழுத்து பசையில் கரையாது. இங்க்ஜெட் அச்சு பெரும்பாலும் கரையும். இப்போது நாம் கொடுக்கும் தெர்மல் பில் வெயிலிலும் சூட்டிலும் அழிந்துபோவது நமக்கே தெரியும். அதை ஒட்டச் சொல்லிக் கொடுக்கக் கூடாது. நிற டிஷ்யூவை வாங்குபவரிடம், ஒரு துண்டை நனைத்துப் பார்த்துவிட்டு ஒட்டும்படி சொல்ல வேண்டும்.

நெடுநாள் இருக்க வேண்டிய படத்துக்குப் பருத்தித் துணிக் கூழில் செய்த கைக்காகிதம் ஏற்றது. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் 1959 முதல் இத்தகைய காகிதம் தயாராகிறது. விலை கூடுதல்தான். ஏன் கூடுதல் என்று சொன்னால் வாடிக்கையாளர் புரிந்துகொள்வார்.

நம் உறுப்பினர்களுக்கு

பத்திரிகை அச்சிடுவோரிடம் சென்ற ஆண்டு மாதிரிகள் தேங்கியிருக்கும். ஜவுளிக் கடையில் லேஸ், ஜரிகைத் துண்டுகள் மிஞ்சும். மொத்த வியாபாரிகளிடம் லேபிள்களும் உறைகளும் இருக்கும். சுத்தமானவற்றைப் பொறுக்கி, அளவாகக் கட்டிச் சிறு விலைக்கு விற்கலாம். எடைக்குப் போடுவதைவிட இதில் கிடைப்பது அதிகம். தெய்வப் படங்களை மட்டும் தனியே எடுத்துவிடுங்கள். பலர் அவற்றை நறுக்கத் தயங்குகிறார்கள்.

அந்த ஆசிரியை மறு ஆண்டு எங்கள் கடைக்கு வந்தார். தாளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது எத்தனை நாள் இருக்கும்?" என்று கேட்டார். இந்த முறை எங்களுக்குப் பதில் தெரிந்திருந்தது. கெட்டித் தாளையும் வெள்ளைப் பசையையும் கொடுத்து, எப்படிக் காய வைக்க வேண்டும் என்பதையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தோம். அந்தச் சீட்டின் நகல் இன்றும் எங்கள் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. இந்தச் சரக்கு வாங்கும் ஒவ்வொருவருக்கும் ஒன்று கொடுத்துவிடுகிறோம்.